நெட்கியர் ஆர்7000 பஃபர் ஓவர்ஃப்ளோ: ரிமோட் மேனேஜ்மென்ட் ஆஃப்லதான் இருக்கு, அப்புறமும் பயப்படணுமா?

ஈரோடு_செந்தில் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல ஃபைபர் லைன், கனெக்‌ஷன் குடுத்தவங்க வச்ச ஓஎன்டி பெட்டிய (ஃபைபரை சாதா நெட் கேபிளா மாத்துற பெட்டி) ப்ரிட்ஜ் மோட்ல, அதாவது ரூட்டர் வேலை பார்க்காம நெட்டை அப்படியே கடத்துற மாதிரி போட்டுட்டு அதுக்கு பின்னாடி நெட்கியர் ஆர்7000 ரூட்டர் வச்சு ஓட்டிட்டு இருக்கேன். ரெண்டு மாடிக்கும் சிக்னல் நல்லா வருது, நான் வீட்ல இருந்துதான் வேலை பார்க்குறேன், அதனால மாத்தணும்னு தோணினதே இல்ல. கோபில மாமா வீட்லயும் இன்னொரு பழைய நெட்கியர் ஓடுது, அதுவும் நான் செட் பண்ணிக் குடுத்ததுதான்.

இப்ப வேற எதையோ தேடப் போய் 2020-ல வந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை பத்தி படிச்சேன், ஸ்டாக் பஃபர் ஓவர்ஃப்ளோ, 79 மாடல் பாதிப்பு, பாஸ்வேர்டே இல்லாம ரூட் அனுமதி, அதாவது பெட்டி மேல முழு அதிகாரம், கிடைக்கும்னு போட்டிருந்தாங்க, என் ஆர்7000 அதுல இருக்கு, மாமா வீட்டு மாடலும் இருக்கு, அதுல அவரோடதுக்கு அப்டேட்டே வராதுன்னு வேற ஒரு லிஸ்ட்ல பார்த்தேன்.

என் சந்தேகம் என்னன்னா, நான் ரிமோட் மேனேஜ்மென்ட், அதாவது வெளியில இருந்து ரூட்டர் செட்டிங்ஸை திறக்குற வசதிய, எப்பவுமே ஆன் பண்ணது இல்ல. அட்மின் பக்கம் வீட்டுக்குள்ள இருந்து மட்டும்தான் திறக்கும். வெளியில இருக்குறவன் அதை தொடவே முடியாதுன்னா இந்த ஓட்டை இருந்தா என்ன இல்லாட்டி என்ன? அப்புறம் பஃபர் ஓவர்ஃப்ளோன்னா உள்ள உண்மையிலயே என்னதான் நடக்குது, மெமரி நிரம்பினா ரூட்டர் ஹேங்க் ஆகணும், அதுல இருந்து ஒருத்தன் எப்படி உள்ள வர்றான்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொன்னா நல்லா இருக்கும். மாமா வீட்டு பெட்டிய என்ன பண்றதுன்னும் சொல்லுங்க.

—

சாலிடர்_சேகர்:

செந்தில், ரெண்டாவது கேள்வில இருந்து ஆரம்பிக்கிறேன், அது புரிஞ்சாதான் மத்ததுக்கு பதில் விளங்கும். நான் எம்பெடட் போர்டுக்கு சி மொழில ப்ரோக்ராம் எழுதுற வேலைல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ரூட்டரோட அட்மின் பக்கத்தை காட்றது உள்ள ஓடுற ஹெச்டிடிபிடி-ங்கிற சின்ன வெப் சர்வர். ஃபர்ம்வேர், அதாவது ரூட்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர், மாத்தணும்னா அந்தப் பக்கத்துல போய் ஒரு ஃபைலை ஏத்துறீங்கல்ல, நெட்கியர்ல அது சிஹெச்கே ஃபைல். அதோட ஆரம்பத்துல ஒரு ஹெடர் இருக்கும், இது எந்த போர்டுக்கான ஃபர்ம்வேர், இந்த ஹெடர் எத்தனை பைட் நீளம்னு அதுலயே எழுதியிருக்கும். சர்வர் என்ன பண்ணுதுன்னா நீளம் எவ்வளவுன்னு அந்த ஃபைலயே கேக்குது, ஃபைல் சொன்ன அத்தனை பைட்டையும் ஸ்டாக்ல (ஃபங்ஷன் ஓடுறப்ப பயன்படுத்துற மெமரி பகுதி) இருக்குற ஒரு குறிப்பிட்ட அளவு பஃபருக்குள்ள (டேட்டாவை தற்காலிகமா வைக்கிற இடம்) மெம்காபி, அதாவது சி-ல காப்பி பண்ற கட்டளை, போட்டு கொட்டுது. பஃபர் தாங்குமான்னு ஒரு வரி செக் கிடையாது. ஃபைலை அனுப்புறது யாரோ ஒருத்தன், நீளத்தை சொல்றதும் அவனேதான், அதை அப்படியே நம்பிடுது. மொத்த ஓட்டையும் இவ்வளவுதான்.

நீங்க நினைக்கிற மாதிரி ரூட்டரோட ரேம் முழுசும் நிரம்புறது இல்ல இது. இட்லி தட்டுல ஒரு குழிக்கு ரெண்டு கரண்டி மாவு ஊத்தினா பக்கத்து குழிக்கு வழியும்ல, அந்த மாதிரி பஃபருக்கு அடுத்து இருக்குற இடத்துல டேட்டா வழியுது. அந்த அடுத்த இடத்துல என்ன இருக்குங்கிறதுதான் விஷயம். இந்த ஃபங்ஷன் முடிஞ்சதும் ப்ராசஸர் எங்க திரும்பிப் போகணும்ங்கிற முகவரி, ரிட்டர்ன் அட்ரஸ், அதே ஸ்டாக்லதான் சேமிச்சு வச்சிருக்கும். ஏதோ ஒரு குப்பை டேட்டா வழிஞ்சா முகவரி கெட்டுப் போய் சர்வர் க்ராஷ் ஆகும், நீங்க சொன்ன ஹேங்க் இதுதான். கணக்குப் போட்டு எந்த பைட்ல முகவரி வருதுன்னு கண்டுபிடிச்சு அங்க தனக்கு வேண்டிய முகவரிய எழுதுறவன் அனுப்பினா ப்ராசஸர் அவன் சொன்ன இடத்துக்கு போகும். ஹெச்டிடிபிடி ரூட் அனுமதில ஓடுது, அதனால அவனுக்கு கிடைக்கிறதும் ரூட்.

இதை தடுக்குறதுக்கு வழியே இல்லாம இல்ல. பஃபருக்கும் ரிட்டர்ன் அட்ரஸுக்கும் நடுவுல யாருக்கும் தெரியாத ஒரு ரேண்டம் எண்ணை வச்சுட்டு, ஃபங்ஷன் திரும்புறதுக்கு முன்னாடி அந்த எண் மாறியிருக்கான்னு பார்க்குறது ஒரு வழி, ஸ்டாக் குக்கின்னு பேரு. கம்பைல் பண்றப்ப ஒரு ஆப்ஷன் குடுத்தா கம்பைலரே எல்லா இடத்துலயும் போட்டுடும், ப்ரோக்ராமர் ஒரு வரி கூட எழுத வேண்டாம். இன்னொண்ணு, ப்ரோக்ராமை ஒவ்வொரு தடவையும் மெமரில வேற வேற இடத்துல லோட் பண்றது, அப்படி பண்ணா திருடனுக்கு எந்த முகவரிய எழுதுறதுன்னே தெரியாது. ஆர்7000 ஹெச்டிடிபிடில இந்த ரெண்டுமே இல்ல, எப்பவும் ஒரே முகவரிலதான் லோட் ஆச்சு.

கிரிம்ங்கிற நிறுவனத்துல இருந்து ஆடம் நிக்கல்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர்தான் 2020 ஜூன்ல இதை விரிவா எழுதினாரு. அவரு அலசிப் பார்த்ததுல 79 மாடல்ல, மொத்தம் 758 ஃபர்ம்வேர் ஃபைல்ல இந்த ஓட்டை இருந்துச்சு, அதுல 2007-ல வந்த டபிள்யூஜிடி624வி4 வரைக்கும் பின்னாடி போகுது. 13 வருஷமா ஒரே கோடு மாடலுக்கு மாடல் காப்பி ஆயிட்டே வந்திருக்கு. எனக்கு வயிறு எரியிற இடம் எதுன்னா, இதே கோடு ஓடுற நெட்கியர் பெட்டிகள்ல ரெண்டே ரெண்டு மாடலோட சில வெர்ஷன்ல மட்டும் ஸ்டாக் குக்கி இருந்திருக்கு, டி8500, ஆர்6300வி2, ஆனா அதே மாடல்களோட அடுத்தடுத்த வெர்ஷன்ல அது காணாமப் போயிடுச்சு, அதாவது பாதுகாப்பா இருந்த பெட்டிக்கு அப்டேட் போட்டவங்க மறுபடியும் ஓட்டைக்கு போயிருக்காங்க. இந்த வேலைல இருக்குறவனா சொல்றேன், இதை ஏத்துக்கவே முடியல. 1988-ல மோரிஸ் வார்ம் ஃபிங்கர் சர்வரோட 512 பைட் பஃபரை வழிய விட்டு பரவினப்பவே இந்த வகை பக் உலகத்துக்கு தெரியும்.

—

வேலூர்_விக்கி:

நல்ல விளக்கம் சேகர் அண்ணா. ஆனா செந்தில் ப்ரோ, நம்ம வீட்டு ரூட்டரை ஹேக் பண்ணி யாருக்கு என்ன கிடைக்கப்போகுது, நான் ஏழெட்டு வருஷமா ஒரே ரூட்டர்தான், ஒரு தடவை கூட அப்டேட் போட்டதில்ல, ஒரு பிரச்சனையும் இல்ல. ரிமோட் ஆஃப்ல இருந்தா வெளியில இருந்து வர்றவனுக்கு கதவே இல்ல. விட்டுத் தள்ளுங்க.

—

தாரிணி_கே:

விக்கி, கதவு இல்லன்னு சொன்னீங்கல்ல, அங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். நான் வெப் செக்யூரிட்டி டெஸ்டிங் பண்றேன், இந்த குறிப்பிட்ட ஓட்டைல ரொம்ப முக்கியமான விஷயமே இதுதான், நிறைய பேரு இதை படிக்காம தாண்டிப் போயிடுறாங்க.

அட்மின் பக்கம் வீட்டுக்குள்ள இருந்து மட்டும்தான் திறக்கும், சரி. வீட்டுக்குள்ள யாரு இருக்கா? செந்திலோட லேப்டாப் இருக்கு, அதுல ப்ரவுசர் இருக்கு. அவரு ஏதோ ஒரு வெப்சைட்டை திறக்குறாரு, அந்தப் பக்கத்துல இருக்குற ஸ்கிரிப்ட் அவரோட ப்ரவுசர்லதான் ஓடுது, அது ரூட்டரோட முகவரியான 192.168.1.1-க்கு ஒரு போஸ்ட் ரெக்வெஸ்ட் அனுப்பினா அது வீட்டுக்குள்ள இருந்து கிளம்பின ரெக்வெஸ்ட். ஃபயர்வால் அதை பார்க்குறது கூட இல்ல. ஒரு சைட் இன்னொரு சைட்டோட பதிலை படிக்கக் கூடாதுன்னுதான் ப்ரவுசர் தடுக்கும், அனுப்புறதை எல்லா நேரமும் தடுக்காது. இங்க பதிலை படிக்க வேண்டிய அவசியமே இல்லையே, ரெக்வெஸ்ட் உள்ள போய் சேர்ந்தாலே மெம்காபி நடந்துடுது.

பாஸ்வேர்ட் இருக்கே, வேற சைட்ல இருந்து வர்ற ரெக்வெஸ்டை தடுக்க டோக்கன் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா அந்த சர்வர் ஃபைலோட ஹெடரை பிரிச்சுப் பார்த்த பிறகுதான் டோக்கனையும் லாகினையும் சரிபார்க்கவே போகுது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அதனால நீங்க 30 எழுத்துல பாஸ்வேர்ட் வச்சாலும் வேலை முடிஞ்சதும் லாக் அவுட் பண்ணாலும் இந்த ஓட்டைக்கு அது ஒண்ணும் பண்ணாது. நிக்கல்ஸ் காட்டின எக்ஸ்ப்ளாய்ட் ஓடி முடிஞ்சா ரூட்டர்ல 8888-ம் போர்ட்ல பாஸ்வேர்ட் இல்லாத டெல்நெட், அதாவது நெட்வொர்க் வழியா கட்டளை குடுக்குற வழி, ரூட் அனுமதியோட திறந்துக்கும்.

ஐபிய மாத்தி 192.168.77.1-னு வச்சுக்கலாமான்னு யாராவது கேக்குறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன், நெட்கியர்ல ரூட்டர்லாகின் டாட் நெட்-னு டைப் பண்ணா ஐபி என்னவா இருந்தாலும் ரூட்டர் பக்கம் வந்துடும்ல, நமக்கு வசதியா இருக்குறது திருடனுக்கும் வசதிதான்.

இது நெட்கியருக்கு மட்டும் நடந்தது இல்ல. அதே 2020 ஜனவரில டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் கேபிள் ஹாண்ட்-னு ஒண்ணை வெளியிட்டாங்க, ப்ராட்காம் சிப் போட்ட கேபிள் மோடம்ல ஸ்பெக்ட்ரம் அனலைசர்னு ஒரு உள் சர்வீஸ், வெளியில இருந்து எட்டவே எட்டாது, அதுலயும் பஃபர் ஓவர்ஃப்ளோ, அதுக்கும் வழி வீட்டுக்காரரோட ப்ரவுசர்தான். ஐரோப்பால மட்டும் 20 கோடி மோடம் பாதிக்கப்படலாம்னு அவங்க கணிச்சாங்க. உள்ள இருக்குறது எல்லாம் நம்பகமானதுன்னு நினைச்சு எழுதின சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் இந்த கதிதான்.

இப்ப க்ரோம் மாதிரி ப்ரவுசர்கள், ஒரு சைட் உங்க லோக்கல் நெட்வொர்க்கை தொடப் பார்த்தா அனுமதி கேக்க ஆரம்பிச்சிருக்கு, அது நல்ல விஷயம். ஆனா அனுமதி கேட்டா வீட்ல எல்லாரும் படிச்சுப் பார்த்து முடியாதுன்னு அமுக்குவாங்கன்னு நம்ப முடியாது, அதோட வீட்ல ப்ரவுசர் மட்டுமா இருக்கு, சிசிடிவி இருக்கு, விருந்தாளி ஃபோன் இருக்கு, மலிவு விலை ஆண்ட்ராய்ட் டிவி பாக்ஸ் இருக்கு, அதுல ஏதாவது ஒண்ணு கெட்டுப் போனாலும் ரூட்டர் அதுக்கு திறந்த வீடுதான்.

அப்புறம் விக்கி கேட்ட இன்னொண்ணு, நம்ம ரூட்டர் யாருக்கு வேணும்னு. உங்க டேட்டா வேண்டாம்னே வச்சுக்கோங்க, உங்க முகவரி வேணும். 2024 ஜனவரி கடைசில அமெரிக்க நீதித்துறை ஒரு அறிவிப்பு குடுத்தாங்க, வோல்ட் டைஃபூன்ங்கிற சீன அரசு சார்ந்த குழு நூத்துக்கணக்கான சின்ன ஆஃபீஸ், வீட்டு ரூட்டர்களை பிடிச்சு கேவி பாட்நெட்னு ஒரு வலையா வச்சுக்கிட்டு, அமெரிக்காவோட முக்கிய கட்டமைப்புகளை தாக்குறப்ப தங்களை மறைச்சுக்க அதை பயன்படுத்தினாங்கன்னு. கோர்ட் அனுமதி வாங்கி எஃப்பிஐ அந்த ரூட்டர்கள்ல இருந்து மால்வேரை துடைச்சாங்க. அதுல பெரும்பாலானது கம்பெனி சப்போர்ட் நிறுத்தின பழைய சிஸ்கோவும் நெட்கியரும். அந்த வீட்டுக்காரங்களும் நெட் ஒழுங்கா வருது, ஒரு பிரச்சனையும் இல்லன்னுதான் இருந்திருப்பாங்க. தாக்குற ட்ராஃபிக் உங்க வீட்டு ஐபில இருந்து போச்சுன்னா விசாரணை முதல்ல வர்ற இடமும் அதுதான்.

—

வேலூர்_விக்கி:

ப்ரவுசர் வழியா வரலாம்ங்கிறது எனக்கு தெரியாது. இன்னிக்கு ராத்திரி மாடல் நம்பர் பார்த்துட்டு அப்டேட் இருக்கான்னு தேடுறேன்.

—

ஈரோடு_செந்தில்:

சேகர் சார், தாரிணி மேடம், ரொம்ப நன்றி. ஃபைலே தன்னோட நீளத்தை சொல்லுது, அதை நம்பி காப்பி பண்றாங்கன்னு படிச்சப்ப எனக்கு உடனே புரிஞ்சிடுச்சு. ஒரு விஷயம் கேக்கணும், இதை கண்டுபிடிச்சு சொன்னப்புறம் கம்பெனி உடனே சரி பண்ணலையா? என் மாடலுக்கு வந்த அப்டேட்ல இது சரியாயிடுச்சா? மாமா வீட்டுக்கு ஏன் வரல?

—

சாலிடர்_சேகர்:

ஆர்7000-க்கு சரி பண்ணிட்டாங்க. 2020 ஜூன் மாசத்துலயே ஹாட்ஃபிக்ஸ், அதாவது அவசர அப்டேட், வர ஆரம்பிச்சிடுச்சு, அதுக்கு அப்புறம் வந்த எந்த வெர்ஷன் போட்டிருந்தாலும் இந்த ஓட்டை அடைபட்டிருக்கும். ஆனா அதுக்குப் பின்னாடியும் இதே மாடலுக்கு வேற வேற ஓட்டைகளுக்கு அப்டேட் வந்திருக்கு, அதனால 2020 வெர்ஷனோட நிக்காம கம்பெனி சப்போர்ட் பக்கத்துல கடைசியா என்ன இருக்கோ அதை போடுங்க.

கம்பெனி நடந்துக்கிட்ட விதம் பத்தி கேட்டீங்க. இதே ஓட்டைய வியட்நாம்ல விஎன்பிடி ஐஎஸ்சி-ங்கிற நிறுவனத்துல இருக்குற ஒரு ஆராய்ச்சியாளர் தனியா கண்டுபிடிச்சு ஜீரோ டே இனிஷியேட்டிவ் (ஓட்டைகளை வாங்கி கம்பெனிகளுக்கு சொல்ற அமைப்பு) மூலமா 2020 ஜனவரிலயே நெட்கியருக்கு சொல்லிட்டாரு. கிரிம் காரங்க மே மாசம் சொன்னாங்க. ஜூன் கடைசி வரைக்கும் டைம் வேணும்னு நெட்கியர் கேட்டுச்சு, ஜீரோ டே இனிஷியேட்டிவ் குடுக்க மாட்டோம்னு ஜூன் 15 அன்னிக்கு வெளியிட்டுட்டாங்க. ஒட்டுப் போடாம ஓட்டைய ஊருக்கு சொல்றது சரியான்னு அப்பவும் பெரிய விவாதம் நடந்துச்சு. என் கருத்து, சரிதான். அஞ்சு மாசம் கையில இருந்துச்சு, சரி பண்ண வேண்டியது ஒரு நீளம் செக். எத்தனை மாடலுக்கு பில்ட் பண்ணி டெஸ்ட் பண்ணணும்ங்கிற கஷ்டம் எனக்கு தெரியும், நானே அந்த வேலை பார்க்குறவன்தான், ஆனா அந்த கஷ்டத்தை வாங்கினவங்க தலைல கட்டக் கூடாது.

79-ல 45 மாடலுக்கு ஃபிக்ஸ் வராதுன்னு அந்த ஜூலைலயே தெரிஞ்சு போச்சு, சப்போர்ட் காலம் முடிஞ்சதுன்னு காரணம். உங்க மாமா வீட்டுது அதுல ஒண்ணா இருக்கும். பெட்டி நல்லாத்தான் ஓடும், இன்னும் அஞ்சு வருஷம் கூட ஓடலாம், ஹார்ட்வேர் அந்த அளவுக்கு நல்லா பண்றாங்க. டப்பா மேல பால் பாக்கெட் மாதிரி தேதி அடிக்கிறது இல்ல, எப்ப சப்போர்ட் நிக்குதுன்னு வாங்குறப்ப கடைக்காரருக்கே தெரியாது. இங்கிலாந்துல 2024 ஏப்ரல் 29-ல இருந்து ஒரு சட்டம் அமலுக்கு வந்திருக்கு, நெட்டோட இணையிற வீட்டு சாதனம் விக்கிறவங்க குறைஞ்சபட்சம் எதுவரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் குடுப்போம்னு வெளிப்படையா சொல்லணும். எல்லா நாட்லயும் இது வரணும்.

—

மணி_ஃபைபர்:

நான் லோக்கல்ல ஃபைபர் கனெக்‌ஷன் போட்டுக் குடுக்குற ஆளு, ஃபீல்டுல நான் பார்க்குறதை சொல்றேன். ஆர்7000 மாதிரி பெட்டி வச்சிருக்குற வீடு நூத்துல ஒண்ணு கூட இருக்காது. ஜனங்க வாங்குறது ஆயிரம் ரூபாய்க்குள்ள ரெண்டு ஆன்டெனா வெள்ளை பெட்டி, பேர் கூட கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. அதுக்கெல்லாம் ஃபர்ம்வேர் தேடினா வெப்சைட்டே இருக்காது. வாடிக்கையாளர்கிட்ட அப்டேட் பண்ணுங்கன்னு சொன்னா நெட் வருதுல்ல தம்பி அப்புறம் என்னன்னு கேக்குறாங்க, அவங்களை குறை சொல்ல முடியாது, யாரு அவங்களுக்கு இதை சொல்லிக் குடுத்திருக்கா. என் கேள்வி, இந்த மாதிரி பெட்டிலயும் இதே வகை ஓட்டை இருக்குமா? எங்க லைன்ல சிஜிநாட்தான், அதாவது ஒரே பப்ளிக் ஐபிய பல வீடு பகிர்ந்துக்குறாங்க, அது கொஞ்சம் பாதுகாப்பா?

—

தாரிணி_கே:

மணி அண்ணா, நீங்க கேட்டதுக்கு சரியான உதாரணம் 2022-ல வந்துச்சு, சிவிஇ-2022-27255, அது அந்த ஓட்டையோட பதிவு எண். அந்த மலிவு பெட்டிகள்ல நிறையவற்றுக்கு உள்ள இருக்குறது ரியல்டெக் சிப். சிப்போட ஒரு எஸ்டிகேவும், அதாவது பெட்டிக்கு வேண்டிய அடிப்படை சாஃப்ட்வேர் தொகுப்பும், ரியல்டெக் குடுக்கும், பெட்டி செய்யிறவங்க அதுல தங்க லோகோவ மாத்திட்டு வித்துடுவாங்க. அந்த எஸ்டிகேல எஸ்ஐபி ஏஎல்ஜி-னு ஒரு பகுதி, இன்டர்நெட் ஃபோன் கால் நாட் (வீட்டு சாதனங்கள் எல்லாம் ஒரே ஐபி வழியா வெளிய போக ரூட்டர் முகவரி மாத்துற வேலை) வழியா ஒழுங்கா போறதுக்காக ரூட்டர் பாக்கெட்டுக்கு உள்ள எட்டிப் பார்த்து முகவரியையும் போர்ட்டையும் மாத்தி எழுதும். அப்படி மாத்துறப்ப வந்த டேட்டாவை நீளம் பார்க்காம ஸ்டாக் பஃபருக்கு காப்பி பண்ணிடுச்சு, சேகர் சொன்ன அதே கதை.

இதுல பயங்கரம் என்னன்னா இதுக்கு அட்மின் பக்கமே வேண்டாம், ப்ரவுசரும் வேண்டாம். இன்டர்நெட்ல இருந்து ஒரே ஒரு யுடிபி பாக்கெட் வந்து வேன் பக்கத்துல, அதாவது ரூட்டரோட இன்டர்நெட் பக்கத்துல, விழுந்தா போதும், ரிமோட் மேனேஜ்மென்ட் ஆஃப்ல இருந்தாலும் போர்ட் எதுவும் திறந்து இல்லாட்டியும் வேலை செய்யும், ஏன்னா வர்ற பாக்கெட்டை என்ன பண்றதுன்னு முடிவு பண்ற கோடுலயே ஓட்டை. அர்ஜென்டினால ஃபாரடேங்கிற நிறுவனத்து ஆளுங்க கண்டுபிடிச்சாங்க, ரியல்டெக் 2022 மார்ச்ல எஸ்டிகேக்கு ஃபிக்ஸ் குடுத்துச்சு, ஆகஸ்ட்ல டெஃப்கான்ங்கிற ஹேக்கர் மாநாட்டுல பேசினாங்க. ரியல்டெக் குடுத்த ஃபிக்ஸ் பெட்டி செய்யிற ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், அவங்க புதுசா பில்ட் பண்ணி, வெப்சைட்ல போட்டு, அதை வீட்டுக்காரர் எடுத்து ஏத்தணும். வெப்சைட்டே இல்லாத கம்பெனில இந்த சங்கிலி எங்க அறுந்துச்சுன்னு கூட தெரியாது. அந்த பெட்டிகள் ஓடுறது ஈகாஸ்ங்கிற ரொம்ப சின்ன ஓஎஸ், அதுல லினக்ஸ் மாதிரி ஒரு ப்ரோக்ராமை இன்னொண்ணுல இருந்து பிரிச்சு வைக்கிறதெல்லாம் கிடையாது, ஒரு இடத்துல நுழைஞ்சா மொத்த பெட்டியும் போச்சு.

சிஜிநாட் உதவும், உண்மைதான். வெளியில இருந்து யாரும் கேக்காம வர்ற பாக்கெட் உங்க சிஜிநாட் பெட்டிலயே நின்னுடும். ஆனா அதே நெட்வொர்க்ல இருக்குற இன்னொரு வீட்டு பெட்டி ஏற்கனவே பிடிபட்டிருந்து, உங்க பக்கம் வீடுகளை ஒண்ணுக்கொண்ணு பிரிச்சு வைக்கலன்னா அங்க இருந்து வரும், நீங்க அந்த ஐசொலேஷன் போட்டிருக்கீங்களான்னு பார்த்துக்கோங்க. ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) குடுக்குறீங்கன்னா அது சிஜிநாட் வழியா போறதே இல்ல, அதுக்கு தனியா ஃபயர்வால் ஆன்ல இருக்கணும். ப்ரவுசர் வழியா போற ஓட்டைக்கு சிஜிநாட் ஒரு தடையே இல்ல, ஏன்னா தாக்குதல் உள்ள இருந்துதான் கிளம்புது.

—

மணி_ஃபைபர்:

ஐசொலேஷன் ஓஎல்டில (எங்க பக்கம் எல்லா வீட்டு ஃபைபரும் வந்து சேர்ற பெட்டி) போட்டிருக்கோம், ஐபிவி6 பக்கம் நாளைக்கு பார்க்குறேன். எஸ்ஐபி ஏஎல்ஜி ஆஃப் பண்ணிட்டா போதுமா? அந்த பெட்டிகள்ல சிலதுல அந்த ஆப்ஷனே கண்ணுல படல.

—

தாரிணி_கே:

சில பெட்டில பக்கத்துல ஆஃப் பண்ணாலும் உள்ள அந்த கோடு ஓடாம நிக்குதான்னு வெளியில இருந்து உறுதியா சொல்ல முடியாது அண்ணா. முடிஞ்சா ஓஎன்டிய நாட் மோட்லயே விட்டுட்டு இந்த வெள்ளை பெட்டிய ஆக்சஸ் பாயின்ட் மோட்ல மட்டும் ஓட விடுங்க, ஓஎன்டில இருந்து வர்ற கேபிளை லேன் போர்ட்ல குத்துங்க. அப்ப வேன் பக்கமே வெளியில தெரியாது, அது வெறும் வைஃபை பெட்டி. ஓஎன்டிக்கு டிஆர்069 (கனெக்ஷன் குடுக்குறவங்க தூரத்துல இருந்து பெட்டிய நிர்வகிக்கிற முறை) வழியா நீங்களே அப்டேட் தள்ள முடியும், வீட்டுக்காரரை எதிர்பார்க்க வேண்டாம். அந்த டிஆர்069 போர்ட் உங்க சர்வர் தவிர வேற யாருக்கும் பதில் சொல்லாத மாதிரி பூட்டி வைக்கணும், அது முக்கியம். 2014-ல மிஸ்ஃபார்ச்சூன் குக்கின்னு செக் பாயின்ட் காரங்க வெளியிட்ட ஓட்டை 7547-ங்கிற அந்த போர்ட்லயும் எட்டுச்சு, ராம்பேஜர்னு ஒரு வெப் சர்வர், வெப் ரெக்வெஸ்ட்ல வர்ற குக்கியோட பேர்ல இருக்குற எண்ணை (சேகர் சொன்ன ஸ்டாக் குக்கி இல்ல) சரிபார்க்காம மெமரில எங்க வேணும்னாலும் எழுத விட்டுச்சு. 189 நாட்டுல ஒரு கோடியே 20 லட்சம் பெட்டி. அந்த ராம்பேஜரை எழுதின அலெக்ரோசாஃப்ட் 2005-லயே சரி பண்ணிட்டாங்க, ஒன்பது வருஷம் கழிச்சும் பழைய 4.07 வெர்ஷனோட புது மோடம் வந்துட்டு இருந்துச்சு.

—

ஈரோடு_செந்தில்:

மதியம் என் ரூட்டர் வெர்ஷன் பார்த்தேன், 2020-க்கு அப்புறம் வந்ததுதான், ஆனா கடைசி வெர்ஷன் இல்ல. ரூட்டர் பக்கத்துல அப்டேட் செக் பண்ணா புதுசு எதுவும் இல்லன்னு சொல்லுது, கம்பெனி சைட்ல அதுக்கு மேல இருக்கு. அதை டவுன்லோட் பண்ணிட்டேன். மாமா வீட்டு பெட்டிய மாத்திடலாம்னு முடிவு பண்ணியாச்சு, புதுசு வாங்குற வரைக்கும் ஒரு வாரம் என்ன பண்றது? இன்னொண்ணு, ஓபன்டபிள்யூஆர்டி-ங்கிற திறந்த மூல ஃபர்ம்வேரை போட்டா பழைய பெட்டிக்கு உயிர் வரும்னு சொல்றாங்களே, என் ஆர்7000-க்கு பின்னாடி ஒரு நாள் சப்போர்ட் நின்னா அதை போடலாமா?

—

சாலிடர்_சேகர்:

ஆர்7000-ல ஓபன்டபிள்யூஆர்டி வேண்டாம். அதுல ப்ராட்காம் வைஃபை சிப், அதுக்கு திறந்த மூல ட்ரைவர் இல்லாததால வைஃபை சரியா வராது, வயர் ரூட்டராதான் ஓடும். ஃப்ரெஷ்டொமேட்டோ, டிடி-டபிள்யூஆர்டி-னு வேற ரெண்டு மாற்று ஃபர்ம்வேர் இருக்கு, ரெண்டும் ப்ராட்காமோட ட்ரைவரையே வச்சு ஓடும், அதுல வைஃபை வரும், இதுக்கு ஃப்ரெஷ்டொமேட்டோதான் என் முதல் தேர்வு. அதுலயும் கெர்னல் பழசுதான், அந்த ட்ரைவருக்காக அங்கயே நிக்க வேண்டியிருக்கு, ஆனா வெப் சர்வர் பக்கம் கோடு வேற, ஓட்டை தெரிஞ்சா அடைக்கவும் ஆள் இருக்காங்க.

மாமா வீட்டு பெட்டிய இந்த ஒரு வாரத்துக்கு தாரிணி சொன்ன மாதிரி ஆக்சஸ் பாயின்டா மாத்துங்க, ஓஎன்டி நாட் பண்ணட்டும். ஹெச்டிடிபிடி அப்பவும் உள்ள ஓடும், ப்ரவுசர் வழி அடைபடாது, பெட்டிய பிடிச்சவன் வீட்டுக்குள்ள ஒரு இடம் பிடிச்ச மாதிரிதான், அதனால ஒரு வாரத்தை ஒரு மாசமா இழுக்காதீங்க. புதுசு வாங்குறப்ப மாடல் நம்பரை போட்டு கம்பெனி சைட்ல கடைசி ஃபர்ம்வேர் எந்த தேதின்னு பார்த்துட்டு வாங்குங்க, கடைசியா ரெண்டு வருஷம் முன்னாடி அப்டேட் வந்த மாடல்னா எவ்வளவு தள்ளுபடி இருந்தாலும் எடுக்காதீங்க.

உங்க ஆர்7000-க்கு ஏத்துறதுக்கு முன்னாடி அடில ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல மாடல் பேரை முழுசா பாருங்க, ஆர்7000-ம் ஆர்7000பி-யும் வேற வேற ஃபைல். செட்டிங்ஸ் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, பிபிபிஓஇ (நெட் கனெக்ஷனுக்கான லாகின்) யூசர் நேம், பாஸ்வேர்ட் முக்கியம். லேன் கேபிள்ல லேப்டாப்பை சொருகி ஏத்துங்க, வைஃபைல ஏத்த வேண்டாம், பாதில அறுந்தா பெட்டி செத்துடும். யூபிஎஸ் இருந்தா அதுல போட்டுட்டு செய்யுங்க. முடிஞ்சதும் ஃபேக்டரி ரீசெட் ஒண்ணு அடிச்சுட்டு எழுதி வச்சதை கையால போடுங்க, பழைய பேக்கப் ஃபைலை திருப்பி ஏத்த வேண்டாம். எல்லாம் முடிஞ்சப்புறம் டிஎன்எஸ் சர்வர் கட்டத்துல நீங்க வச்சதுதான் இருக்கா, யுபிஎன்பி (சாதனங்கள் தானா போர்ட் திறந்துக்குற வசதி) ஆஃப்ல இருக்கா, போர்ட் ஃபார்வர்டிங் லிஸ்ட்ல நீங்க போடாதது ஏதாவது இருக்கான்னு பார்த்துட்டு இங்க வந்து சொல்லுங்க.